காஜா பெராங்கில் விழுந்த பனிச்சரிவு

பனியை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஐஸ் கச்சாங்குக்குச் சீவிப் போடுவார்களே, அந்த ஐஸ்தான் பனிக்கும் எனக்கும் இருந்த ஒரே பழக்கம். அதுவும் மேலே சிவப்புச் சர்பத் ஊற்றியது. அப்படிப்பட்ட நான், இருபத்திரண்டு வயதில், மலாக்கா பட்டணம் முழுவதற்கும் ஒரே பனிச்சரிவு நிபுணனாக இருந்தேன். போட்டிக்கு வேறு ஆள் இல்லாததால் பதவி சுலபமாகக் கிடைத்துவிட்டது. (ஒரு விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்தவனை விட்டு நாலடி தள்ளி நிற்பது உடம்புக்கு நல்லது. தள்ளி நிற்காத ஒருவரின் கதைதான் இது.)

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம். துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு துரை தன் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். என் தாய்மாமா காஜா பெராங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடைக்கு ஓர் அலமாரி வேண்டுமென்று போனார். அலமாரி வந்தது. அதன் அடித்தட்டில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் வந்தது. தலைப்புப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. மிச்சமிருந்ததெல்லாம் பனி. மலைகளில் பனி எப்படிக் கிடக்கும், எப்போது சரியும், சரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முந்நூறு பக்கம். சமையல் புத்தகமாக இருந்திருந்தால் நான் சமையல்காரனாகி, ஊர் தப்பித்திருக்கும்.

அதை நான்கு முறை படித்தேன். மாமா கடையில் வேறு புத்தகம் இல்லை என்பது ஒரு காரணம். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றிப் படிப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பது இன்னொரு காரணம்.

புத்தகம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. பெய்யும்போதெல்லாம் ஓர் அடுக்கு சேர்கிறது. சில சமயம் அடியில் உள்ள அடுக்கு சர்க்கரை போல உதிரி உதிரியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விடும். அதன்மேல் புதுப் பனி விழுந்து, காற்றும் வெயிலும் பட்டு, பலகை போல இறுகிக்கொள்ளும். மேலே பார்க்க வெகு உறுதி. அடியில் பிடிப்பே கிடையாது. சரிவு முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடையில் இருந்தால் ஆபத்து அதிகம். குறுகிய நேரத்தில் நிறையப் பனி சேர்ந்தால் இன்னும் அதிகம். அப்புறம் ஓர் ஆள் மிதித்தால் போதும், முழுப் பலகையும் விரிசல் விட்டுக் கிளம்பி வரும். வருவதற்கு முன் மலை இரண்டு எச்சரிக்கை கொடுக்கும். ஒன்று, உள்ளிருந்து ‘உம்ப்’ என்று ஓர் அமுங்கிய சத்தம். இரண்டு, ஓடுகிற விரிசல்.

இந்த ஞானம் தலைக்குள் போனபிறகு எனக்கு மலாக்கா பழைய மலாக்காவாகத் தெரியவில்லை. எங்கே மேடு தெரிந்தாலும் பாகைமானியை எடுத்துவிடுவேன். புக்கிட் சீனாவின் சரிவை ஒருநாள் அளந்துகொண்டிருந்தபோது மாமா சைக்கிளில் வந்து பிடித்துக்கொண்டார்.

“என்னாடா பண்றே இங்க? கடையில ஆளு இல்ல.”

“சரிவு பார்க்கிறேன் மாமா. இந்த இடம் முப்பத்திரண்டு பாகை. ஆபத்தான இடம்.”

“என்னா ஆபத்து?”

“பனி பெஞ்சா சரிஞ்சிரும்.”

மாமா வானத்தைப் பார்த்தார். மத்தியானம் ஒரு மணி வெயில். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “பெய்யுமா?” என்றார்.

“பெஞ்சான்னு சொல்றேன்.”

“சரி, பெஞ்சா வந்து அளந்துக்கலாம். இப்ப கடைக்கு வாலா, உப்பு கேட்டு ஆளு நிக்குது.”

மாமா கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். ஆனால் கடை வியாபாரத்துக்கு நான் லாயக்கில்லை என்பதை அவர் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். (மிளகு கேட்டவருக்குக் கடுகு கட்டிக் கொடுத்தேன். இரண்டும் உருண்டைதானே.) எனக்கு வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும் சத்தம் கேட்டால் கட்டுகிற பொட்டலத்தைப் பாதியில் வைத்துவிட்டு நின்று கேட்பேன். கரும்பலகை முன்னால் நின்று, எனக்குத் தெரிந்ததை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தெருவில் போகும்போது யாராவது ‘வாத்தியாரே’ என்று கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் நான் வாழ்க்கையிடம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து புக்கிட் ரம்பாய் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு வாத்தியார் தேவைப்பட்டார். பள்ளியின் மேனேஜர் சபாபதிப் பிள்ளை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்; ஊரே அவரைப் பெரிய கிராணியார் என்று அழைக்கும். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. மீசை மட்டும் கறுப்பு. (அந்தக் கறுப்பு அவருடைய சொந்தக் கறுப்பு இல்லை என்று ஊருக்குத் தெரியும். அவர் முன்னால் யாருக்கும் தெரியாது.)

விண்ணப்பம் போட்டவர்களில் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். நான் ஒருவன். இன்னொருவன் ஆறுமுகம், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையும் அதே மாதிரிப் படிந்த குணமும் உள்ளவன். இருவரையும் கிராணியார் வீட்டுக்கு அழைத்துச் சொன்னார்:

“தம்பிகளா, புது நாடு பொறந்திருக்கு. புது நாட்டுக்கு உலக விஷயம் தெரிஞ்ச வாத்தியாரு வேணும். அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம வாசகசாலையில ஆளுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்துங்க. எதப்பத்தி வேணும்னாலும் பேசலாம். ஆனா வெறும் வாய்ப்பேச்சு வேணாம். கண்ணால பாக்குற மாதிரி செஞ்சு காட்டணும்.”

ஆறுமுகம் ‘வீட்டுச் சுத்தம்’ என்ற தலைப்பைச் சொன்னான். நான் ‘மலைப்பகுதிகளில் பனிச்சரிவு: ஆபத்தும் தற்காப்பும்’ என்றேன். கிராணியாரின் புருவம் ஏறியது. அதை மெச்சுதல் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் கணக்கு எளிது. சுத்தத்தைப் பற்றிப் பேசினால் நாலு பேர் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பனிச்சரிவைப் பற்றி மலாக்காவில் யார் என்ன கேட்டுவிட முடியும்?

செய்முறை விளக்கத்துக்கு மலை வேண்டும். காஜா பெராங் வாசகசாலை, உயரமான தகரக் கூரை போட்ட பலகைக் கட்டடம். பின்சுவரில் பழைய பத்திரிகைக் கட்டுகள் வைப்பதற்கு ஒரு பரண் இருந்தது. பரண் விளிம்பிலிருந்து தரைக்குத் தகரங்களைச் சாய்த்துக் கட்டினேன். பாகைமானியை வைத்துப் பார்த்தேன், முப்பத்தெட்டு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இரண்டு பக்கமும் புத்தக அலமாரிகள் நின்றதால் மலை ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்குவது போல அமைந்துவிட்டது. பள்ளத்தாக்கில் நிற்காதே, வருகிற பனிக்கு ஒதுங்க இடம் இருக்காது என்று புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்கக் கதறியிருந்தது. நான் அதைக் கச்சிதமாக அமைத்துவிட்டேன்.

பனிக்கு மாமா கடையை நாடினேன். அடியில் உதிரிப் பனிக்கு ஜவ்வரிசி. மலாக்காவில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? தகரத்தின்மேல் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு மூட்டை ஜவ்வரிசியைப் பரப்பினேன். மேலே மரவள்ளிக்கிழங்கு மாவு இரண்டு மூட்டை. நடுநடுவே இலவம்பஞ்சு. மாவின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து மூன்று நாள் காயவிட்டேன். தகரக் கூரையின் சூட்டில் மேல்பரப்பு அப்பளம் போல இறுகிப் பளபளத்தது. அடியில் ஒரு பலகையை முட்டுக் கொடுத்து, பலகையில் கயிறு கட்டினேன். கயிற்றை இழுத்தால் பலகை நகரும், பனி சரியும், கைதட்டல் கேட்கும், வேலை கிடைக்கும். இதுதான் திட்டம்.

சனிக்கிழமை மாமா பார்க்க வந்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

“என்னாடா இது, வண்ணான் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு. கிராணியாரு வராரு. எம் மருமவன் மலை இவ்வளவுதானான்னு ஊரு பேசாது?”

சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மணி நேரத்தில் இன்னும் மூன்று மூட்டை மாவுடன் வந்தார். தானே பரணில் ஏறிக் கொட்டித் தண்ணீரும் தெளித்தார். குறுகிய நேரத்தில் நிறையப் பனி சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். பக்க எண்ணோடு மனப்பாடம். ஆனால் மாமா முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்ததும் வாய் வரவில்லை. மலை பிரமாதமாக இருந்தது என்பதும் உண்மை.

அன்று மாலை இன்னொருவர் வந்தார். வாசகசாலைக்குப் பின்னால் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் பலகாரம் செய்து விற்கிற குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பெண் நாச்சியம்மா. மறுநாள் தேநீருக்கு எத்தனை பலகாரம் வேண்டும் என்று கேட்க வந்தவள். (இப்போது என் மனைவி. அப்போது அந்த ஆபத்து எனக்குத் தெரியாது.) மலாக்கா செட்டிகள் நம்மைப் போல விபூதி பூசுவார்கள், நம் கோயில்தான், பெயரும் நம் பெயர்தான்; ஆனால் வீட்டில் பேசுவது மலாய். நாச்சிக்குத் தமிழில் தெரிந்தது சாமி பெயர்களும் சொந்தக்காரர் முறைகளும் மட்டும்.

அவள் மலையை ஒருமுறை பார்த்தாள். கிட்டே போய் ஆள்காட்டி விரலால் ஓர் ஓரத்தை அழுத்தினாள். அப்பளம் உடைந்து விரல் உள்ளே போனது.

“பாவா கோசோங்,” என்றாள். அடியில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. “இது அறிவியல். பலகாரம் இல்லை,” என்று மலாயில் சொன்னேன்.

அவள் விரலில் ஒட்டிய மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “சமா சாஜா,” என்றாள், எல்லாம் ஒன்றுதான் என்ற பொருளில். சும்மா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். வாழ்நாள் முழுக்க மாவோடு பழகியவள் ஒரு விரலால் கண்டுபிடித்ததை, முந்நூறு பக்கம் நான்கு முறை படித்தவன் தள்ளிவிட்டான். பனிச்சரிவில் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதியிருந்தது. முன்னுரைகளை யார் மதிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் கிராணியார், வெள்ளை உடையில் கைத்தடியுடன். முதலில் ஆறுமுகம். அவன் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு முழுக்கட்டி சோப்பும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கை கழுவினான். வேறொன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நான் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

அடுத்து நான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினேன். அடுக்குகளைச் சொன்னேன். சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்றேன். ‘உம்ப்’ சத்தத்தைச் செய்து காட்டினேன்; ஒரு குழந்தை அழுதது. புதைந்தவரைச் சில நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்க வேண்டும், நீண்ட கம்பால் குத்திக் குத்தித் தேட வேண்டும், நின்றுபோன பனி சிமெண்டு போல இறுகிவிடும் என்றேன். கிராணியார் இரண்டு முறை தலையாட்டினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் என் காதில் பள்ளிக்கூட மணி அடித்தது.

“இப்போது நீங்கள் உங்கள் கண்ணாலேயே பனிச்சரிவைப் பார்க்கப் போகிறீர்கள்!” என்று அறிவித்தேன்.

மாமா கயிற்றை இழுத்தார். பலகை நகர்ந்து வந்தது. மலை அப்படியே நின்றது.

மாமா கயிற்றைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். சபை என்னைப் பார்த்தது. நான் பரணில் ஏறி மேல் விளிம்பைத் தட்டினேன். ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். ஒரு கைப்பிடி மாவு உதிர்ந்தது. “அவ்வளவுதானா?” என்று யாரோ கேட்டார்கள். தகரத்தை உதைத்தேன். சிரிப்பு கிளம்பியது. முதலில் பின்வரிசையில், அப்புறம் ஆறுமுகத்தின் உறவுக்காரர்கள் பக்கம், அப்புறம் எல்லாப் பக்கமும்.

பரணிலிருந்து இறங்கும்போது என் காது கொதித்தது. வேலை கைவிட்டுப் போகிறது என்று நன்றாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்டுவிட்டு, சபையைத் தள்ளி உட்காரச் சொல்வான். நான் இன்னொரு வழி கண்டுபிடித்தேன்.

“சபையோரே, இதுதான் பாடத்தின் இரண்டாம் பகுதி,” என்றேன். “எல்லாச் சரிவும் சரிவதில்லை. இது உறுதியான சரிவு. நானே தட்டியும் உதைத்தும் சோதித்துவிட்டேன். இனி இது விழாது.”

இப்படிச் சொல்லி மலையில் செத்தவர்கள் கதையும் புத்தகத்தில் இருந்தது. முட்டுப் பலகையை எடுத்துவிட்ட மலை, வெறும் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியவில்லை.

கிராணியார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவருக்கு என்மேல் உண்மையிலேயே ஒரு பிரியம் உண்டாகியிருந்தது என்று இன்றும் நம்புகிறேன். என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தார். “பையன் நல்லாத்தான் சொன்னான். கிட்ட போயிப் பாக்கலாமா தம்பி?” என்று கேட்டார்.

“தாராளமாக வாங்க ஐயா. நான் உத்தரவாதம்.”

அவர் மலையடிவாரத்துக்கு வந்தார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கின் சரியான மையத்தில் நின்றார். நான் பவ்வியமாக ஒதுங்கி நின்று கையை நீட்டி மலையைக் காட்டினேன். அந்த நேரம் நாச்சி பலகாரத் தட்டுடன் பின்வாசலில் நுழைந்தாள். அவள் பார்வை நேராக மேலே போனது.

“ரெத்தாக்!” என்று கத்தினாள். விரிசல்.

“தாக் அப்பா, தாக் அப்பா,” என்றேன் நான், பரவாயில்லை என்ற பொருளில், தலையைக்கூடத் திருப்பாமல்.

“நந்தி ருந்தோலா!” விழப்போகிறது என்றாள் அவள், தட்டைக் கீழே வைத்துக்கொண்டே.

கிராணியார் கைத்தடியை நீட்டினார். “இந்தப் பலவீனமான அடுக்குன்னு சொன்னியே தம்பி, அது எங்க இருக்கு? இங்கயா?” என்று கேட்டபடி கீழ் ஓரத்தில் குத்தினார்.

‘உம்ப்.’

நான் செய்து காட்டியதைவிட நன்றாக இருந்தது. அந்த அரை நொடியில் என் மனத்தில் என்ன ஓடியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘ஆகா, புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறதே’ என்றுதான் ஓடியது. அதற்குள் மேலே ஒரு விரிசல், பரணின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. ஐந்து மூட்டை மாவும் ஒரே பலகையாகக் கிளம்பி, ஜவ்வரிசிமேல் உருண்டு, கிராணியார்மேல் வந்து இறங்கியது.

சபை கண்ணைத் திறந்தபோது எங்கும் வெள்ளை. மாவுப்புகை கூரைவரை எழுந்து, மெல்ல மெல்ல எல்லோர் தலையிலும் இறங்கியது. மலாக்காவில் பனி பெய்த ஒரே நாள் அது என்று நினைக்கிறேன். ஜவ்வரிசி மட்டும் கலகலவென்று கடைசி வரிசைவரை ஓடிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. நிபுணன் அல்லவா? “யாரும் அசையாதீர்கள்! சத்தம் போடாதீர்கள்! புதைந்தவரைத் தேட வேண்டும்!” என்று உத்தரவிட்டுவிட்டு, ஒட்டடை அடிக்கும் மூங்கில் கம்பை எடுத்து மாவுக்குவியலில் முறைப்படி, அடிக்கு ஒரு குத்தாகக் குத்த ஆரம்பித்தேன். மூன்றாவது குத்தில் யாரோ “அய்யோ” என்றார்கள்.

“கிடைத்துவிட்டார்!” என்று கூவினேன்.

“டேய்,” என்றார் மாமா, “அவரு தலை மேலதாண்டா தெரியுது.”

உண்மைதான். கிராணியார் மார்புவரைதான் புதைந்திருந்தார். நின்ற நிலையில், கைத்தடி பிடித்த கையை உயர்த்தியபடி, முழுக்க வெள்ளையாக, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் குத்தியது அவர் வயிற்றில்.

இத்தோடு நின்றிருந்தால்கூட எனக்கு அந்த வேலை கிடைத்திருக்கலாம். “கண்ணுல மாவு! தண்ணி கொண்டு வாங்க!” என்று கத்தினேன். தீப்பிடித்தால் ஊற்றுவதற்காக வாசலில் வரிசையாக வைத்திருந்த வாளிகள் ஞாபகம் வந்தன. ஊர்க்காரர்கள் ஊற்றும்போது ஒரு முகத்துக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்று பார்ப்பார்களா? ஆறு வாளி.

“ஜாங்கான் தாரோ ஆயேர்!” தண்ணீர் ஊற்றாதே என்று நாச்சி ஓடி வந்தாள். ஆறாவது வாளி அதற்குள் காலியாகியிருந்தது.

மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு விசித்திரமான பிராணி. மெதுவாகத் தொட்டால் குழையும். வேகமாக அடித்தால் கல்லாகும். கிராணியார் திமிறினார், மாவு இறுகியது. இன்னும் பலமாகத் திமிறினார், இன்னும் இறுகியது. நாங்கள் நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தோம். தோள்பட்டையில் ‘கடக்’ என்றதே தவிர ஆள் நகரவில்லை. நின்றுபோன பனி சிமெண்டு போல இறுகிவிடும் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னேனே, அந்தப் பகுதியின் செய்முறை விளக்கமும் திட்டத்தில் இல்லாமலே நடந்தேறியது.

மாமா கடப்பாரை கொண்டுவரப் போனார். நல்லவேளை, நாச்சி எங்கள் நான்கு பேரையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். கிராணியாரின் கண்ணைத் தன் தாவணி நுனியால் துடைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்:

“பெலான்-பெலான், தாத்தா. பெலான்-பெலான்.”

மெதுவாக, மெதுவாக. கிராணியாருக்குப் புரிந்தது. அவர் ஒரு காலை அசைத்தார். அசைத்தாரா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக. மாவு வழிவிட்டது. பிறகு இன்னொரு கால். ஊர்வலத்தில் சாமி வருகிற நிதானத்தில், கைத்தடியை உயர்த்தியபடி, நூறு பேர் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய கிராணியார் பனிச்சரிவிலிருந்து வெளியே வந்தார். அந்த நாலடி தூரத்துக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மீசைச் சாயம் கரைந்து, கறுப்புக் கோடு ஒன்று வெள்ளை மோவாயில் இறங்கிக் கழுத்துக்குப் போனபோதுகூட யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் ஊர் சேர்த்து வைத்துச் சிரித்தது.

அப்போதுதான் ஆறுமுகம் முன்னால் வந்தான். கையில் கிண்ணமும் தண்ணீரும். மறு கையில், இருபது நிமிடம் தேய்த்தும் பாதிக்கு மேல் மிச்சமிருந்த அந்தச் சோப்புக்கட்டி. கிராணியார் அதை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த இடத்திலேயே நியமன உத்தரவு கையெழுத்தாகிவிட்டது.

சபை கலைந்தபிறகு வாசகசாலையின் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். இந்த இடத்தில் கிண்டல் வரவில்லை, மன்னியுங்கள். ஒரே ஒரு வேலைதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் என் கையாலேயே அடுக்கடுக்காகக் கட்டி, என் கையாலேயே சரித்துவிட்டேன். நாச்சி விழாமல் காப்பாற்றிய பலகாரத் தட்டிலிருந்து இரண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டையும் தின்றேன். மரவள்ளி மாவுப் பலகாரம்தான். வேறு என்ன இருக்கப் போகிறது?

ஒரு வாரம் கழித்துக் கிராணியாரின் கடிதம் வந்தது. மணிமணியான கையெழுத்து. ‘தங்கள் மாதிரிப் பாடம் மனத்தில் ஆழப் பதிந்தது. எனினும் எமது பள்ளி சமதரையில் அமைந்துள்ளபடியால், தற்சமயம் தங்கள் புலமைக்கு இங்கே வேலையில்லை. புக்கிட் ரம்பாயில் பனி பெய்யும் பட்சத்தில் தங்களுக்கே முன்னுரிமை அளிக்கப்படும்.’ முப்பது வருஷம் கணக்கு எழுதிய மனிதருக்குள் இவ்வளவு விஷம் இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

ஆறுமுகம் வாத்தியாரானான். நல்ல வாத்தியார் என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் சுத்தமாக இருந்தார்களாம். நான் மாமா கடையிலேயே தங்கிவிட்டேன். காலப்போக்கில் மிளகுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. மூன்று வருஷம் கழித்து நாச்சியைக் கட்டிக்கொண்டேன். மாமாதான் பெண் கேட்டுப் போனார். “வீட்டுல ஒருத்தருக்காவது சரிவு தெரிஞ்சிருக்கட்டும்” என்பது அவர் சொன்ன காரணம்.

கிராணியார் என்னை மன்னித்துவிட்டார். உண்மையாகவே மன்னித்துவிட்டார், சாமான் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். ஆனால் வாசலில் நின்றுகொள்வார். உள்ளே சுவரோரம் அரிசியும் மாவும் மூட்டை மூட்டையாகக் கூரைவரை அடுக்கியிருக்கும். அதைக் கைத்தடியால் சுட்டிக்காட்டி, மாமாவிடம் ஒரே கேள்வி கேட்பார்:

“அடுக்குனது யாரு?”

“நான்தாங்க ஐயா” என்று மாமா சொன்னால் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். “மருமவன்” என்றால், கொட்டுகிற மழையிலும் குடையை விரித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, வேண்டிய சாமானைச் சொல்லி வாங்கிப் போவார். கடைசிவரை அப்படித்தான்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. தட்டு அலமாரியைத் திறக்கும் முன், பேருந்தில் பெட்டி வைத்த இடத்துக்குக் கீழே உட்காரும் முன், கல்யாண வீட்டில் நாற்காலிக் குவியலைக் கடக்கும் முன், என் பிள்ளைகள் நின்று கேட்பார்கள். எந்த வீட்டில் கட்டிக்கொடுத்தாலும் மருமகன்களுக்கு முதல் வாரத்திலேயே கதை சொல்லிக்கொடுக்கப்படும். சொல்வது என் மனைவி, மலாயில் பாதி, தமிழில் பாதி. ‘உம்ப்’ மட்டும் எந்தப் பாஷையிலும் சேராதது, அதையும் அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

போன மாதம் செங் என்ற பக்கத்து ஊரிலிருந்து என் மூத்த மகள் வந்திருந்தாள். கூடத்து அலமாரியின் மேல் பழைய பெட்டிகளை அன்று காலைதான் ஒழுங்குபடுத்தியிருந்தேன். நாற்காலியை இழுத்து உட்காரப் போனவள் நின்றாள். மேலே பார்த்தாள்.

“அடுக்குனது யாருப்பா?”

“உங்கம்மா,” என்றேன்.

நிம்மதியாக உட்கார்ந்து காபியை ஒரு வாய் குடித்தாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“போஹோங்! பொய்யி!”

மகள் காபித் தம்ளரோடு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.